பந்தலைப் பிரிக்கலாம், பதிவேட்டைத் தொலைக்கலாகாது

தைப்பூசம் நெருங்கினால் பத்துமலையில் தண்ணீர்ப் பந்தல் போடும் குழுக்களுக்கு ஒரு கவலை வந்துவிடும்: எந்த நேரத்துக்கு யார் வருவார்கள்? கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி இரதம் புறப்படும் இரவு முதலே மோர் ஊற்றவும், சோறு பரிமாறவும், குப்பை அள்ளவும் ஆள் வேண்டும். நோட்டுப் புத்தகத்தில் எழுதிவந்த அந்தப் பட்டியலைக் கணினி தெரிந்த ஒருவர் சின்ன இணையப் பக்கமாகச் செய்துவிட முடியும். அவருடைய மடிக்கணினியில் அது நன்றாகவே ஓடும். எல்லாரும் பார்க்க வேண்டுமானால் அதை எங்கே வைப்பது? அந்த ஒருவர் நீங்களாக இருந்தால், இது உங்களுக்காக.

இடம் வாடகைக்கு

தரவு மையத்தில் இருக்கும் பெரிய கணினி ஒன்றை மென்பொருளால் பல பங்காகப் பிரித்து வாடகைக்கு விடுகிறார்கள். ஒவ்வொரு பங்குக்கும் தனி நினைவகம், தனி வட்டு, தனி இயங்குதளம். பக்கத்துப் பங்கில் நடப்பது உங்களுக்குத் தெரியாது. இதுதான் வெர்ச்சுவல் மெஷின், அதாவது மெய்நிகர் கணினி. பழைய யோசனைதான், ஐபிஎம் 1960களிலேயே செய்து பார்த்தது. நமக்குப் புதிது, அது வீட்டுப் பக்கத்திலேயே கிடைப்பது. அமேசான் 2024 ஆகஸ்டிலும் மைக்ரோசாஃப்ட் 2025 மே மாதத்திலும் மலேசியாவில் தங்கள் கிளவுட் மையங்களைத் திறந்தன. அங்கே வாடகைக்கு எடுத்தால், தொண்டர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் நாட்டுக்குள்ளேயே இருக்கும். வைத்திருக்கும் காலத்துக்கு மட்டும் வாடகை என்பதால், திருவிழாவுக்குப் பந்தல் போடுவது போலவே போட்டுப் பிரிக்கலாம்.

பெட்டிக்குள் என்ன?

கிள்ளான் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஒரு பெட்டியைப் பிடிக்கும்போது உள்ளே டயர் இருக்கிறதா, பால்மாவு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. 20 அடி, 40 அடி என்று அளவு ஒன்றாக இருப்பதால் கப்பலும் லாரியும் அதை அப்படியே ஏற்றுக்கொள்கின்றன. மென்பொருள் கன்டெய்னரும் அதே வேலையைத்தான் செய்கிறது. உங்கள் நிரல், அதற்கு வேண்டிய நூலகங்கள், அமைப்புகள் எல்லாம் ஒரே பெட்டியில் அடங்கிவிடும். 2013இல் வந்த டாக்கர் இதை எல்லாருக்கும் எளிதாக்கியது.

மெய்நிகர் கணினிக்குச் சொந்தக் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் உட்கரு, உண்டு. கன்டெய்னர் தான் உட்கார்ந்திருக்கும் கணினியின் கெர்னலையே பயன்படுத்திக்கொள்ளும். அதனால்தான் அது சில நொடிகளில் எழுந்துவிடுகிறது. மெய்நிகர் கணினி பந்தல் என்றால், கன்டெய்னர் வீட்டிலேயே கட்டி எடுத்துவரும் சாமான் பெட்டி.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். புதிய மேக் மடிக்கணினிகளில் இருப்பது ஆர்ம் வகைச் சில்லு. அதில் செய்த பெட்டி இன்டெல் வகைக் கணினியில் ஓடாமல் ‘எக்ஸெக் ஃபார்மட் எரர்’ என்று நின்றுவிடும். வாடகைக்கு எடுக்கும்போதே சில்லு வகையைப் பொருத்திக்கொள்ளுங்கள்.

சாவி உங்களிடம்

தொலைவிலிருக்கும் கணினிக்குள் நுழைய எஸ்எஸ்எச் என்ற வழியைப் பயன்படுத்துகிறோம். வலையமைப்பில் கடவுச்சொற்கள் திருடப்பட்டதைக் கண்டு, பின்லாந்தின் தாத்து யுலோனென் 1995இல் உருவாக்கியது இது. உங்கள் மடிக்கணினியில் ஒரு சாவி இணையை உருவாக்குங்கள். அதில் பொதுச்சாவி பூட்டு மாதிரி, யாருக்கும் தரலாம். தனிச்சாவிதான் உண்மையான சாவி. அது உங்கள் கணினியை விட்டு நகரக் கூடாது. நண்பர் உதவிக்கு வந்தாலும் வாட்ஸ்அப்பில் அதை அனுப்பாதீர்கள். அவருடைய பொதுச்சாவியை வாங்கிச் சேர்த்துவிடுங்கள்.

இனி கணினியை எடுக்கலாம். உபுண்டு இயங்குதளமும் 2 ஜிபி நினைவகமும் இவ்வளவு சிறிய பக்கத்துக்குப் போதும். ஃபயர்வாலில் 80, 443 ஆகிய கதவுகளை (போர்ட்) எல்லாருக்கும் திறந்துவிடுங்கள். எஸ்எஸ்எச்சுக்கான 22ஆம் கதவை உங்கள் இணைய முகவரிக்கு மட்டும் திறந்துவிடுங்கள்.

இணைப்புக் கிடைக்காவிட்டால் பதற வேண்டாம், திரையைப் படியுங்கள். பதிலே வராமல் நெடுநேரம் தொங்கினால் பெரும்பாலும் ஃபயர்வால் மறிக்கிறது. ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்’ என்றால் பெரும்பாலும் கணினியை எட்டிவிட்டீர்கள், கதவுக்குப் பின்னால்தான் ஆள் இல்லை. ‘பெர்மிஷன் டினைட்’ என்றால் பயனர் பெயரோ சாவியோ தவறு.

தைப்பூசத்தன்று பலருக்கும் வரக்கூடியது முதல் சிக்கல்தான். வீட்டிலிருந்து இணைந்தபோது எல்லாம் சரியாக இருந்திருக்கும். பந்தலில் உட்கார்ந்து கைப்பேசி இணையத்தில் இணைந்தால் உங்கள் முகவரி வேறு. 22ஆம் கதவு உங்களை அடையாளம் காணாது. கிளவுட் கணக்குக்குள் போய்ப் புதிய முகவரியைச் சேர்த்தால் போதும். இதை முந்திய வாரமே பழகி வையுங்கள்.

பெட்டியை இறக்குதல்

உள்ளே நுழைந்ததும் டாக்கரை நிறுவி, உங்கள் பெட்டியை அங்கே கொண்டுவந்து ஓட்டுங்கள். நிரல் 8080இல் கேட்கிறதென்றால், கணினியின் 80ஆம் கதவை அதனோடு இணைத்துவிடுங்கள். 443ஆம் கதவுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும்; தொலைபேசி எண் வாங்கும் பக்கத்துக்கு அதைத் தவிர்க்காதீர்கள். கணினி மறுபடி எழும்போது பெட்டியும் தானாக எழும்படி அமைத்துவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். டாக்கர் தனக்கென ஃபயர்வால் விதிகளை எழுதிக்கொள்ளும். உபுண்டுவின் ஃபயர்வாலான யூஎஃப்டபிள்யூவில் நீங்கள் மூடிய கதவும் அதனால் திறந்திருக்கலாம். தரவுத்தளம் போன்றவற்றை 127.0.0.1 முகவரியில் மட்டும் கட்டுங்கள். அடுத்தது, டாக்கர் குழுவில் ஒருவரைச் சேர்ப்பது கணினியின் முழு அதிகாரத்தையும் அவரிடம் கொடுப்பதற்குச் சமம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, பெட்டியை நீக்கினால் அதற்குள் எழுதியதும் போய்விடும் என்பது. பெயர்ப் பட்டியலை ‘வால்யூம்’ எனப்படும் தனி இடத்தில் வைத்து, நாள்தோறும் கணினிக்கு வெளியே ஒரு நகல் எடுங்கள். பெட்டி போனால் மறுபடி செய்யலாம், கணினி போனால் மறுபடி எடுக்கலாம். தொண்டர்கள் நம்பிக் கொடுத்த எண்கள் போனால் திரும்பி வராது.

ஆகவே, திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பு கைவசம் ஒரு நகலை வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே அந்தக் கணினியை அழித்துவிடுங்கள். புதிதாக ஒன்று எடுத்து, பெட்டியை இறக்கி, பட்டியலை ஏற்றுங்கள். முதல் தடவை ஒரு மாலைப்பொழுது ஆகலாம். அது கைவந்துவிட்டால், 272 படிகளின் அடிவாரத்தில் கூட்டம் நெரியும் வேளையில் எது நின்றுபோனாலும் உங்கள் கை நடுங்காது. விழா முடிந்ததும் கணினியை நிறுத்துவதோடு விடாமல், அடுத்த ஆண்டுக்கான நகலைப் பத்திரப்படுத்திவிட்டு அழித்துவிடுங்கள். நிறுத்தி வைத்த கணினியின் வட்டுக்கும் வாடகை ஓடும்.