இரட்டை ஏராப் பாய்ப்படகு

இரட்டை ஏராப் பாய்ப்படகு என்பது, அடிப்பாகத்தின் நடுவில் ஓர் ஏராவுக்குப் பதிலாக, இடப்புறமும் வலப்புறமும் ஒவ்வோர் ஏராவைக் கொண்ட பாய்ப்படகு ஆகும். ஏரா என்பது படகின் அடியிலிருந்து நீருக்குள் இறங்கி நிற்கும் பாகம். காற்றின் உந்துதலால் படகு பக்கவாட்டில் ஒதுங்குவதை அது தடுக்கிறது. தன் எடையால் படகு கவிழாமலும் காக்கிறது. இரண்டு ஏராக்கள் உள்ள படகு, நீர் வற்றியபின் சேற்றிலோ மணலிலோ சாயாமல் நிமிர்ந்து நிற்கும். இவ்வகைப் படகுகள் பிரித்தானியாவில் பெருமளவிலும், பிரான்சின் வடகரையில் ஓரளவும் காணப்படுகின்றன. பிரித்தானியாவில் இன்று கைமாறுபவற்றுட் பல 1960களுக்கும் 1980களுக்கும் இடையில் கட்டப்பட்டவை. எனவே இக்கட்டுரையின் பெரும்பகுதி, பழைய படகொன்றை வாங்க எண்ணுவோர் கருதவேண்டியவற்றைப் பற்றியது.

ஓதமும் தேவையும்

தமிழகக் கரையில் வாழ்வோருக்கு இத்தகைய படகின் தேவை உடனே புலப்படாது. சென்னையில் உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் இடையிலான நீர்மட்ட வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர் மட்டுமே. இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் இடைப்பட்ட பிரிஸ்டல் கால்வாயின் உட்பகுதியில் அது சில நாள்களில் 14 மீட்டரை எட்டும். அங்குள்ள பல கழிமுகங்களும் சிறு துறைமுகங்களும் நாளுக்கு இருமுறை முற்றிலும் வற்றிவிடுகின்றன. ஆழமான ஒற்றை ஏராவுடைய படகு அத்தகைய இடத்தில் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். எப்போதும் நீர் நிற்கும் மிதவைத் துறைகளிலோ ஆண்டு வாடகை மிக அதிகம். வற்றும் இடங்களில் வாடகை அதன் சிறு பங்கே ஆகும். சில ஆண்டுகளின் துறை வாடகை ஒரு பழைய படகின் விலையையே தாண்டிவிடக்கூடும் என்பதால், எந்தப் படகு என்னும் கேள்விக்கு முன்னர் அதை எங்கே நிறுத்துவது என்னும் கேள்வி எழவேண்டும். ஆழமான துறையில் இடம் உள்ளவருக்கு இரட்டை ஏராவால் பெரிய பயன் இல்லை.

வரலாறு

1920களில் பின்னாளைய ரிவர்டேல் பிரபுவான ராபர்ட் பால்ஃபர், 'புளூபேர்ட்' என்னும் படகில் இம்முறையைக் கையாண்டார். 1950களில் 'யாட்டிங் மந்த்லி' இதழின் ஆசிரியரான மாரிஸ் கிரிபித்ஸ் வடிவமைத்த 'ஈவென்டைட்' என்னும் ஒட்டுப்பலகைப் படகைப் பலர் தம் வீட்டு முற்றத்திலேயே கட்டிக்கொண்டனர். எனினும் இவ்வகை பரவலானது கண்ணாடியிழை வந்த பின்னரே. பிரித்தானியக் கடற்படையில் பணியாற்றிய டெனிஸ் ரெய்னர் 1963 இல் வெஸ்டர்லி நிறுவனத்தைத் தொடங்கினார். (நீர்மூழ்கிப் போரைப் பற்றிய 'தி எனிமி பிலோ' என்னும் புதினத்தை எழுதியவரும் இவரே.) லாரன்ட் ஜைல்ஸ் வடிவமைப்பகம் வரைந்த இந்நிறுவனத்தின் 'சென்டார்' 1969 முதல் 1980 வரை ஏறத்தாழ 2,400 படகுகள் கட்டப்பட்டது. இதன் நீளம் 7.9 மீட்டர், எடை ஏறத்தாழ 3 டன், நீருள் அமிழும் ஆழம் 0.9 மீட்டர். இதே நீளமுள்ள ஒற்றை ஏராப் படகுகளுக்குப் பொதுவாக 1.2 முதல் 1.5 மீட்டர் ஆழம் வேண்டும்.

கடலில் இயங்கும் விதம்

நீரில் உராயும் பரப்பு அதிகம் என்பதால் இப்படகுகள் சற்று மெதுவானவை. காற்றை எதிர்த்துச் செல்லும்போது ஒற்றை ஏராப் படகைவிடப் பின்தங்குகின்றன. பழைய வடிவங்களில் இக்குறை மிகுதி, பிந்தியவற்றில் குறைவு. பந்தயத்தில் ஆர்வமற்றவருக்கு இது பெரிய இழப்பன்று.

அதிகம் பேசப்படாத வேறொன்று உண்டு. ஒற்றை ஏராப் படகு தரைதட்டினால் அதைச் சாய்த்து, அமிழும் ஆழத்தைக் குறைத்து விடுவிக்கலாம். இரட்டை ஏராப் படகைச் சாய்த்தால் ஓர் ஏரா மேலும் கீழே இறங்கும், ஆழம் கூடுகிறது. நீர் இறங்கும் வேளையில் தட்டிவிட்டால் அடுத்த ஏற்றம் வரும்வரை காத்திருப்பதே வழி. நிமிர்ந்த படகில் தேநீர் அருந்தியபடி காத்திருக்கலாம் என்பது இதன் மறுபக்கம்.

ஏரா பொருந்தும் இடம்

பழைய படகை ஆராயும்போது மிகுந்த கவனம் பெறவேண்டியது, ஏரா படகுடலோடு இணையும் இடம் ஆகும். வார்ப்பிரும்பாலான ஏராக்கள் மரையாணிகளால் கண்ணாடியிழை உடலில் பூட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு முறை தரையில் அமரும்போதும் படகின் முழு எடையும் இவ்விணைப்பின் வழியே இறங்குகிறது. ஏராக்கள் வெளிநோக்கிச் சற்றுச் சாய்ந்தவை ஆதலால், எடை அவற்றை மேலும் விலகச் செய்ய முயல்கிறது. அலை அடிக்கும் இடத்தில், படகு முழுவதும் அமர்வதற்கு முன் பலமுறை தூக்கித் தூக்கித் தரையில் மோதும். பல்லாண்டுகள் மென்சேற்றில் நின்ற படகும் கடினமான மணலில் நின்ற படகும் ஒரே வயதினவாயினும் ஒரே நிலையில் இரா. ஆகவே படகு இதுவரை எங்கே நின்றது என்பதை விற்பவரிடம் கேட்டறிதல் வேண்டும்.

சென்டார் படகுகள் பலவற்றில் இவ்விடத்தில் உட்புற வலுவூட்டல் போதாமல் இருந்தது. பின்னர் அவற்றின் உரிமையாளர்கள் கண்ணாடியிழைப் படலங்களும் குறுக்குச் சட்டங்களும் சேர்த்து வலுப்படுத்தினர். அவ்வேலை செய்யப்பட்டுள்ளதா, யாரால் செய்யப்பட்டது என்பது விலையையே மாற்றக்கூடிய செய்தி.

தரையில் நிற்கும் படகில் எடை அழுத்துவதால் இணைப்பின் இடைவெளி மூடியிருக்கும். பாரந்தூக்கியில் தொங்கவிட்டால் ஏராக்களின் எடை இணைப்பைக் கீழே இழுக்க, மறைந்திருந்த விரிசல் தெரியவரும். இரு நிலைகளிலும் பார்ப்பதே முறை. இணைப்புக் கோட்டிலிருந்து வழியும் துருக்கறை, ஏராவைச் சுற்றிய நுண்விரிசல்கள், உள்ளே படுக்கைகளின் கீழ் மரையாணிகளைச் சுற்றித் தேங்கிய நீர் ஆகியன எச்சரிக்கைகள். வார்ப்பிரும்பின் மேற்பரப்பில் மட்டும் உள்ள துரு அச்சந்தருவதன்று.

பிற பாகங்கள்

கண்ணாடியிழையில் நீர் ஊறி உண்டாகும் கொப்புளங்களைக் கண்டு வாங்குவோர் பெரிதும் அஞ்சுவர். தடித்த உடல்கொண்ட பழைய படகுகளில் அவை விலையைக் குறைக்கப் பயன்படுமே தவிர, படகை மூழ்கடிப்பது அரிது. மேல்தளம் அதைவிடக் கவனத்துக்குரியது. கண்ணாடியிழைப் படலங்களுக்கு இடையே வைத்த மரம் உளுத்திருந்தால் கால்வைக்கும் இடம் நெகிழும், சிறு சுத்தியலால் தட்டினால் மந்தமான ஒலி எழும்.

பாய்மரத்தைத் தாங்கும் எஃகு வடங்கள் பத்தாண்டுக்கு மேற்பட்டவையாயின் மாற்றுமாறு பிரித்தானியக் காப்பீட்டு நிறுவனங்கள் பல வற்புறுத்துகின்றன. இயந்திரத்தின் கதையும் இதுவே. சென்டார் பலவற்றில் பொருத்தப்பட்ட வால்வோ பென்டா டீசல் இயந்திரங்கள் உறுதியானவை எனினும், கடல்நீராலேயே குளிர்விக்கப்பட்டவை உட்புறம் அரிக்கப்பட்டிருக்கும். சில ஆயிரம் பவுண்டுக்கு வாங்கிய படகில் புதிய இயந்திரம் பொருத்தும் செலவு, படகின் விலையை மிஞ்சுவது வழக்கமானதே. பாய்களையும் இருக்கை மெத்தைகளையும் கண்ணாலேயே மதிப்பிடலாம்.

உரிமையும் ஆவணங்களும்

பிரித்தானியாவில் சிறு கலங்களுக்கான பதிவேட்டில் பெயர் இருப்பது உரிமைக்குச் சான்றாகாது. முன்னைய விற்பனைப் பத்திரங்கள் தொடர்ச்சியாக உள்ளனவா என்று பார்க்கவேண்டும். முதற் பிரிவுப் பதிவேட்டில் உள்ள படகுகளுக்கு அடைமான விவரமும் கிடைக்கும். இதில் ஒரு படகின் உரிமை இன்றும் 64 பங்குகளாகக் கணக்கிடப்படுகிறது. தரகர் வழியாக வாங்கும்போது, சோதனை முடிவுக்கு உட்பட்டதாக விலையைப் பேசி, பத்து விழுக்காடு முன்பணம் அளிப்பது வழக்கு. சோதனையாளரை வாங்குபவரே அமர்த்திக் கட்டணம் செலுத்துவார். விற்பவர் காட்டும் பழைய அறிக்கை விற்பவருக்காக எழுதப்பட்டதாக இருக்கலாம்.

இலவசமாகவே தரப்படும் படகுகளும் உண்டு. கண்ணாடியிழை மக்காது, உருக்கவும் இயலாது. பயன்படாத படகை அப்புறப்படுத்தவும் பணம் வேண்டும். பிரான்சில் 2019 முதல் இதற்கெனத் தனி ஏற்பாடு இயங்குகிறது. பிரித்தானியாவில் அச்செலவு படகின் கடைசி உரிமையாளரையே பெரும்பாலும் சேர்கிறது.