கடல் தாண்டும் ஆங்கிலம் – 7: சாஸ்திரி ஹாலுக்குப் பெயர் தந்தவர்

மயிலாப்பூர் லஸ்ஸில் ரானடே நூலகத்தை ஒட்டிய சாஸ்திரி ஹாலுக்குக் கச்சேரி கேட்கப் போகிறவர்கள் பலர். அந்தச் சாஸ்திரி யார் என்பதைத் தி. நகர் ஐ.இ.எல்.டி.எஸ். வகுப்புகளில் இருக்கும் பிள்ளைகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வி.எஸ். சீனிவாச சாஸ்திரி 1869-ல் வலங்கைமானில் பிறந்தார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் படித்து, சேலத்தில் வாத்தியாராக இருந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியரானார். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் படிப்பெல்லாம் கிடையாது. அந்தக் கும்பகோணத்து ஆங்கிலம்தான் அவருக்கு 'வெள்ளி நாவு' என்ற பெயரை வாங்கித் தந்தது.

1922-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா போய், அங்கே குடியேறிய இந்தியர்களின் உரிமைக்காகப் பேசினார். 1927 முதல் 1929 வரை தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் ஏஜென்ட். எதிரே இருந்தவர்களில் பலர் இந்தியர்களைச் சமமாக நடத்த விரும்பாதவர்கள். அவர்கள் ஒரு வாக்கியத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டாலும் நஷ்டம் அங்கிருந்த கடைக்காரருக்கும் கூலித் தொழிலாளிக்கும்தான். 1925-ல் ஆஸ்திரேலியா அங்கு வாழ்ந்த இந்தியர்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. டர்பனில் இந்திய மாணவர்களுக்கென்று சாஸ்திரி கல்லூரி எழுந்தது. தெளிவாகப் பேசுவதை அலங்காரமாக நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் இவரைத்தான் காட்டுவேன்.

ஆகவே, வெள்ளைக்காரரைப் போல நாக்கைச் சுழற்றக் காசு கட்டிப் பழக வேண்டாம். ஐ.இ.எல்.டி.எஸ். பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். உச்சரிப்பும் அதில் மதிப்பெண்ணுக்கு உரியதுதான். ஆனால் நம் ஊர்ச் சாயல் இருப்பது குற்றமில்லை, கேட்பவருக்குப் புரிய வேண்டும்.

புரியாமல் போவதற்குப் பெரிய காரணம் அழுத்தம். தமிழில் எந்த அசையை அழுத்தினாலும் பொருள் மாறாது. ஆங்கிலக் காது அழுத்தத்தை வைத்தே சொல்லை அடையாளம் காண்கிறது. 'போட்டோகிராபர்' என்பதில் அவர்கள் அழுத்துவது இரண்டாவது அசையை, நாமோ முதல் அசையை. புதுச் சொல்லைக் கற்கும்போதே அழுத்தம் எங்கே விழுகிறது என்று அகராதியில் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, பேச்சின் வரிசை. நாம் காரணத்தை எல்லாம் அடுக்கிவிட்டு விஷயத்துக்குக் கடைசியில் வருவோம். நமக்குள் அது மரியாதை. மகள் பிரசவத்துக்காக அமெரிக்கா கிளம்பும் அடையாறு அம்மாவிடம் குடியேற்ற அதிகாரி, "எத்தனை நாள் தங்குவீர்கள்?" என்று கேட்டால், மாப்பிள்ளையின் வேலையிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. "மூன்று மாதம்" என்று முதலில் சொல்லிவிட வேண்டும். மகள், பிரசவம் எல்லாம் அவர் கேட்டால் பிறகு. வீட்டுக்காரரிடமும் டாக்டரிடமும் இதே வரிசைதான்.

அவர்கள் பேசுவது நமக்குப் புரியாவிட்டால் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். வெறுமனே திரும்பச் சொல்லச் சொன்னால், அதே வேகத்தில் அதையே சொல்வார்கள். புரிந்த பாதியை நீங்களே சொல்லிக் காட்டி, விட்டுப்போன இடத்தை மட்டும் கேளுங்கள்: "செவ்வாய்க்கிழமை வர வேண்டும், சரி. எந்தக் கட்டடத்துக்கு?"

(தொடரும்)