வானலையில் ஒரு பயிற்சிக்கூடம்

ஊதியம் கருதாது வானலை வழியே உறவாடுவோரை 'ஹாம்' என உலகம் அழைக்கின்றது. நம் நாட்டில் 12 வயது நிரம்பியோர் நடுவணரசின் தேர்வில் வென்று உரிமம் பெறலாம். இத்தேர்விற்கு இளைஞரை ஆயத்தம் செய்வதே உள்ளூர் ஹாம் மன்றங்களின் முதற்பணியாகும். மின்னணுவியல், வானலை விதிகள், மோர்சு ஒலிக்குறிகள் ஆகியவற்றோடு அலைக்கம்பி கட்டவும் கற்பிக்கின்றனர். 40 மீட்டர் அலைக்கு ஏறத்தாழ 20 மீட்டர் செப்புக்கம்பி போதும்! மறைத்து வைத்த சிறு ஒலிபரப்பியைத் திசையறிந்து தேடும் 'நரிவேட்டை'யும் உண்டு; விளையாட்டெனினும் அது பயிற்சியே.

நாம் பெரிதும் மதிப்பது, குறித்த நேரத்தில் குறித்த அலைவரிசையில் கூடும் வாராந்தரச் சந்திப்பையே. ஒருவர் பேசப் பிறர் காத்திருப்பர். பிரியும்போது 73 என்பர். நல்வாழ்த்து என்பது அதன் பொருள். நாம் சலாம் உரைத்துப் பிரிவதை இஃது ஒக்கும்.

2004 திசம்பரில் ஐதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சார்ந்த பாரதி பிரசாத் குழுவினர், அந்தமானில் அன்று போர்ட் பிளேர் எனப்பட்ட நகரிலிருந்து உலக ஹாம்களோடு உரையாடி வந்தனர். 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கித் தொலைபேசித் தொடர்பு அறுந்தது. கரையில் கவலையோடு காத்திருந்த உறவினர்க்குத் தீவினரின் நலச்செய்தியை அவர்தம் நிலையமே கொண்டுசேர்த்தது.