படம் ஆரம்பிக்கும் முன் வரும் சீட்டு

தியேட்டரில் படம் போடும்போது முதலில் ஒரு சீட்டு காட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். படத்தோட பேரு, மொழி, எத்தனை நிமிஷம், கீழே கையெழுத்து. அது வந்ததும் விசில் அடிப்போம். யாரும் படிக்க மாட்டோம். நானும் படித்ததில்லை, பொங்கல் லீவு வரைக்கும்.

அந்த லீவில் சித்தப்பா வீட்டு டிவியில் ஓடிடியில் ஒரு பேங்க் கொள்ளைப் படம் பார்த்தோம். என் தம்பி இரண்டாம் வகுப்பு. ஆரம்பத்தில் மூலையில் 16+ என்று வந்தது. நான் ஏதோ சேனல் நம்பர் என்று நினைத்தேன். எனக்குப் படம் பிடித்தது, பொய் சொல்ல மாட்டேன். பாதியில் தம்பி என் கையைப் பிடித்தான். "மறைக்காதடா" என்று தள்ளிவிட்டேன்.

அடுத்த வாரம் அப்பத்தா முதியோர் பணம் எடுக்க அவனைக் கூட்டிக்கிட்டு பேங்குக்குப் போனாங்க. வாசலில் துப்பாக்கியோடு நின்ற வாட்ச்மேனைப் பார்த்ததும் சேலையைப் பிடித்து இழுத்து, "உள்ளே போகாத அப்பத்தா, குப்புறப் படுக்கச் சொல்லுவாங்க" என்று ஒரே அழுகை. பணம் எடுக்காமலே திரும்பி வந்தாங்க.

அதற்குப் பிறகுதான் அந்த நம்பர் என்ன என்று எங்கள் சாரிடம் கேட்டேன். 1952-ஆம் வருஷத்துச் சினிமா சட்டப்படி, தியேட்டருக்கு வரும் எந்தப் படத்தையும் தணிக்கை வாரியம் பார்த்துச் சான்றிதழ் தர வேண்டுமாம். அதுதான் அந்தச் சீட்டு. 'யு' என்றால் எல்லாரும் பார்க்கலாம். 'ஏ' என்றால் 18 வயசு ஆனவங்க மட்டும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் படங்களுக்காக 1983-ல் 'யு/ஏ' வந்தது. 12 வயசுக்குக் கீழே உள்ளவங்க பெற்றோர் துணையோடு பார்க்கணும் என்று அர்த்தம். ('எஸ்' என்றும் ஒன்று உண்டு, டாக்டர்கள் மாதிரி ஒரு தொழில்காரங்களுக்கு மட்டும். நான் பார்த்ததே இல்லை.)

2023 பொங்கலுக்கு வந்த துணிவு படமும் பேங்க் கொள்ளைக் கதைதான். அதற்கு யு/ஏ. ஆனால் நாலு வயசுக்கும் பதினோரு வயசுக்கும் ஒரே எழுத்து போட்டால் எப்படி? அதே வருஷம் சட்டத்தைத் திருத்தி, யு/ஏ-வை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள். விதிகள் 2024 மார்ச்சில் வந்தன.

இதில் நிறைய பேர் ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். எனக்கு 14 வயசு. யு/ஏ 16+ படத்துக்குப் போனால் வாசலில் தடுக்க மாட்டார்கள். அது அப்பா அம்மாவுக்குச் சொல்ற தகவல்தான், அவங்க பார்த்து முடிவு பண்ணணும். ஏ மட்டும்தான் தடை. 2025-ல் ரஜினி நடித்த கூலி படத்துக்கு ஏ கொடுத்தார்கள். யு/ஏ வேணும் என்று தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போனார்கள், கிடைக்கவில்லை.

ஓடிடிக்கு என்றே எடுக்கிற தொடர்களைத் தணிக்கை வாரியம் பார்ப்பதில்லை. 2021 விதிப்படி அந்தக் கம்பெனிகளே வயசு போடணும். இதில் ஒரு நல்லது, எதற்காக அந்த வயசு என்றும் எழுதணும். வன்முறை, கெட்ட வார்த்தை, போதை இப்படி. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. வெறும் எழுத்தை விடக் காரணம் சொன்னால் வீட்டில் பேச முடியும்.

ஆனாலும் தம்பியிடம் "ரத்தம் பார்த்தா பயந்தே?" என்று கேட்டதற்கு, "இல்லக்கா, அது கலர் தண்ணின்னு தெரியும். அந்தப் பாட்டிதான் எந்திரிக்கவே இல்ல" என்றான். பேங்கில் தரையில் படுக்க வைத்த கூட்டத்தில் ஒரு பாட்டி இருந்தாங்களாம். நான் கவனிக்கவே இல்லை. 'உங்க அப்பத்தா மாதிரி ஒருத்தங்க இதில் வருவாங்க' என்று எந்தச் சீட்டிலும் போட மாட்டார்கள். அதைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான்தான் பார்த்திருக்கணும்.

இப்போது டிவியில் படம் ஆரம்பித்ததும் அவனே ஓடிப் போய்ப் பார்த்து, "பதிமூணு போட்டிருக்குக்கா" என்று கத்துகிறான். பேங்குக்கு மட்டும் இன்னும் வாசல் வரைக்கும்தான். அப்பத்தா வெளியே வரும் வரை வேப்ப மரத்தடியில் நிற்கிறான்.