ஏழு சுற்றுக் கோட்டை

ஏழு சுற்றுக் கோட்டை என்பது தரையில் கற்களை வரிசையாக வைத்து அமைக்கப்படும் ஒருவகைப் புதிர்ப்பாதை ஆகும். இது வட்டப்புதிர்நிலை எனவும் அழைக்கப்படுகிறது. தமிழ்நாட்டின் தருமபுரி மாவட்டத்தில் கம்பைநல்லூர் பகுதியிலும், 2004 வரை இம்மாவட்டத்துடன் இணைந்திருந்த கிருஷ்ணகிரிப் பகுதியிலும் இவ்வமைப்புகள் காணப்படுகின்றன. பெயரில் கோட்டை என்றிருப்பினும் இதற்கு மதில் கிடையாது. இதே வடிவம் சுவீடன், பின்லாந்து, நோர்வே ஆகிய நாடுகளின் கடற்கரைகளிலும் உள்ளது. அங்கே இது பண்டைய நோர்சு மக்களின் சின்னமாகப் பரவலாகக் கருதப்படுகிறது.

அமைப்பு

இதில் நுழைவாயில் ஒன்றே, பாதையும் ஒன்றே. கிளை வழிகள் இல்லாததால் இதற்குள் வழி தவற இயலாது. எனினும் பாதை நேராக நடுவிடத்துக்குச் செல்வதில்லை. வெளிச்சுற்றை 1 எனக் கொண்டால், நுழைபவர் 3, 2, 1, 4, 7, 6, 5 என்ற வரிசையில் சுற்றுகளைக் கடந்தே நடுவை அடைவார். அதாவது, முதலில் நடுவை விட்டு விலகிச் செல்ல நேரிடும்.

சிக்கலானதாகத் தோன்றும் இவ்வுருவத்தை வரைவது எளிது. முதலில் ஒரு கூட்டல் குறி இட்டு, அதன் நான்கு கால்பகுதிகளிலும் முனை நடுவை நோக்குமாறு ஒவ்வொரு 'ட' வடிவக் கோணம் வரைய வேண்டும். நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு புள்ளி வைக்க வேண்டும். இப்போது கிடைக்கும் 16 முனைகளையும் இரண்டிரண்டாக 8 வளைகோடுகளால் மேற்புறமாக இணைத்தால் உருவம் நிறைவுறும். புள்ளிக் கோலம் இடத் தெரிந்தவருக்கு இது புதிதன்று.

தோற்றம்

காலம் உறுதியாக அறியப்பட்டவற்றுள் மிகப் பழையது, கிரேக்க நாட்டின் பைலோசு அரண்மனையில் கிடைத்த களிமண் பலகையாகும். ஆடுகள் பற்றிய கணக்கு எழுதப்பட்ட அப்பலகையின் பின்புறத்தில், ஏறத்தாழ கி.மு. 1200 அளவில், யாரோ ஒரு கணக்கர் இவ்வுருவத்தைச் சதுரமாகக் கீறியுள்ளார். பின்னர் கிரீட் தீவின் நாணயங்களில் இது இடம்பெற்றது.

வடநாடுகளில் கல்லால் அமைந்த 500க்கும் மேற்பட்ட புதிர்ப்பாதைகள் உள்ளன. சுவீடிய மொழியில் இவற்றின் பெயர் 'திராய் நகரக் கோட்டை' எனப் பொருள்படும். அங்கும் கோட்டை என்றே பெயர் அமைந்திருப்பது வியப்புக்குரியது. நல்ல காற்றும் மிகுந்த மீனும் வேண்டி மீனவர்கள் இவற்றில் நடந்ததாக வழக்காறுகள் உள்ளன. பனிப்பாறைகள் உருகிய பின் பால்டிக் கடலின் வடபகுதியில் நிலம் தொடர்ந்து உயர்ந்து வருவதால், ஒரு கற்சுற்று நிற்கும் இடம் எப்போது கடலிலிருந்து வெளிப்பட்டது என்பதைக் கணிக்க முடிகிறது. இவ்வாறு கணித்ததில் கரையோரக் கற்சுற்றுகளுட் பெரும்பாலானவை இடைக்காலத்தையும் அதற்குப் பிந்திய நூற்றாண்டுகளையும் சேர்ந்தவை எனத் தெரிந்தது. ஆகவே அவற்றை வைக்கிங்குகளின் படைப்பு என்பது பொருந்தாது.

இந்தியாவில் பொருள்

இந்தியாவில் இவ்வுருவம் மகாபாரதத்தின் சக்கரவியூகத்துடன் இணைத்துப் பேசப்படுகிறது. கருநாடகத்தின் அளேபீடு ஒய்சளேசுவரர் கோயிலில் (12ஆம் நூற்றாண்டு) அபிமன்யு புகும் வியூகம் புதிர்ப்பாதையாகவே செதுக்கப்பட்டுள்ளது. வட இந்தியாவின் சில பகுதிகளில் இதைத் தட்டில் குங்குமப்பூவால் வரைந்து, கழுவிய நீரைப் பேறுகால வலியுற்ற பெண்ணுக்குக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. உள்ளிருந்து வெளிவரும் வழி இங்கு முதன்மை பெறுகிறது. தமிழகத்தின் வாசற்கோலங்களையும் பச்சைகுத்தும் வடிவங்களையும் புதிர்ப்பாதையுடன் ஒப்பிட்டு, மானிடவியலாளர் சான் லேயார்டு 1937இல் விரிவான கட்டுரை எழுதினார்.

காலமும் பாதுகாப்பும்

தருமபுரிப் பகுதியில் பெருங்கற்காலச் சின்னங்களும் நடுகற்களும் மிகுதி. இதனால் இக்கற்சுற்றுகளையும் 2000 அல்லது 3000 ஆண்டுப் பழமையுடையவை எனக் கூறுவோர் உள்ளனர். அருகிலிருப்பது மட்டும் சான்றாகாது; கல்லின் வயதும் அதை அடுக்கியவரின் காலத்தைக் காட்டாது. கல்லின் அடியிலுள்ள மண் கடைசியாக எப்போது வெயில் கண்டது என்பதை ஒளிர்வு முறையால் அளவிடலாம். ஆனால் அதற்குக் கல் அசைக்கப்படாமல் இருத்தல் வேண்டும். உழவுக்காகவும் கட்டுமானத்துக்காகவும் கற்களை அகற்றுவதுடன், நல்லெண்ணத்தில் அவற்றைப் பெயர்த்துச் சீராக அடுக்குவதும் இச்சான்றை அழித்துவிடும். அவ்வாறு ஒருமுறை வெயில் பட்ட மண், கல் பெயர்க்கப்பட்ட நாளையே காட்டும்.