சரக்கும் படமும் ஒத்திருக்க வேண்டும்



முன்பெல்லாம் வெளியூர் வியாபாரிக்குச் சரக்கைக் காட்ட வேண்டுமானால் சாம்பிள் கட்டி அனுப்புவோம். பருப்பானால் ஒரு பொட்டலம், துணியானால் ஒரு துண்டு. அவர் அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகே விலை பேசுவார். இன்று அந்த வேலையைச் செல்போன் படம் செய்கிறது. புதுச் சரக்கு வந்ததும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். ஆர்டரும் அதிலேயே வந்துவிடுகிறது. ஆகவே படம் என்பது அலங்காரமல்ல, அதுவே சாம்பிள். சாம்பிள் பொய் சொன்னால் என்ன ஆகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நமது ஜவுளிக் கடையில் நேர்ந்த ஒன்றையே சொல்கிறோம். அரக்கு நிறத்தில் நாற்பது சேலைகள் வந்திருந்தன. இரவு கடை அடைக்கும் நேரத்தில் மஞ்சள் விளக்கின் கீழ் ஒன்றை விரித்துப் படமெடுத்து, வெளியூர்க் கடைக்காரர் ஒருவருக்கு அனுப்பினோம். படத்தில் அது செங்கல் நிறமாக விழுந்திருந்தது. சரக்கை நேரில் பார்த்திருந்த நாம் அதைக் கவனிக்கவில்லை. பார்சலைப் பிரித்தவர் உடனே போன் செய்தார்: "என்ன அண்ணாச்சி, நான் பார்த்தது செங்கல் கலர், வந்திருப்பது அரக்காக இருக்கிறதே!" நாற்பது சேலைகளும் திரும்பி வந்தன. போகவர லாரி வாடகை நம் தலையில் விழுந்தது. அதைவிடப் பெரிய நஷ்டம், அதன் பிறகு நாம் அனுப்பிய படங்களை நம்பி ஆர்டர் கொடுக்க அவர் தயங்கியதுதான். சரக்கில் குறையில்லை, விலையில் குறையில்லை. குறை முழுவதும் படத்தில்.

காமிரா ஏன் ஏமாறுகிறது?

மஞ்சள் விளக்கின் கீழும் வெள்ளை வேட்டி நம் கண்ணுக்கு வெள்ளையாகவே தெரியும். காமிராவோ, விளக்கின் நிறம் இன்னதென்று ஊகித்து அதற்கேற்ப நிறத்தைச் சரிசெய்கிறது. ஒரே நிறத் துணி படம் முழுவதையும் அடைத்துக்கொண்டால் அந்த ஊகம் தவறும். வாசல் பக்கம் பகல் வெளிச்சம், உள்ளே மஞ்சள் பல்பு, மேலே வெள்ளை எல்.இ.டி. எனக் கலந்திருந்தாலோ, ஒரே சேலை இடத்துக்கு ஒரு நிறமாகத் தெரியும்.

இதற்கு மருந்து செலவில்லாதது. பகலில், வாசல் அருகே, நேர் வெயில் படாத இடத்தில், கடை விளக்குகளை அணைத்துவிட்டு எடுங்கள். கடை முன் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தால் அதன் கீழ் எடுக்காதீர்கள். அந்த நீலம் சரக்கின் மேல் ஏறிவிடும். சரக்கின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதுவும் படத்தில் விழும்படி செய்யுங்கள். தாள் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் சரக்கின் நிறமும் மாறியிருக்கிறது என்று பொருள். வாங்குபவருக்கும் அந்தத் தாளே சாட்சி.

எடுக்கும் முறை

முதலில் லென்ஸைத் துடையுங்கள். எண்ணெய்க் கையும் மாவுக் கையும் பட்ட லென்ஸில் படம் பனிமூட்டம் போலிருக்கும். சுத்தமான பருத்தித் துணி போதும்.

திரையில் இரு விரல் வைத்துப் பெரிதாக்காதீர்கள். பெரும்பாலும் அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதேயன்றி, நுணுக்கத்தைக் கூட்டாது. அதற்காக மிக நெருங்கினாலும் தவறு. குடத்தின் வாய் பெருத்து, அடி சிறுத்துவிடும். இரண்டு மூன்று அடி தள்ளி நின்று எடுங்கள்.

சரக்கு தெரியும் இடத்தில் திரையை ஒருமுறை தொட்டால் அந்த இடம் கூர்மையாகும். பல போன்களில் அப்போது ஒரு சூரியக் குறி தோன்றும். அதை நகர்த்தி வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். வெள்ளைச் சரக்கைக் காமிரா மங்கலாக்கும் என்பதால் அரிசிக்கும் வேட்டிக்கும் சற்றுக் கூட்டுங்கள். கறுப்புச் சரக்கை அது வெளுக்கச் செய்யும் என்பதால் மிளகுக்கும் கறுப்புத் துணிக்கும் சற்றுக் குறையுங்கள்.

படத்தில் கறுப்புப் பட்டைகள் விழுந்தால் போனைக் குறை சொல்ல வேண்டாம். நமது மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் சில விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கித் தெளிகின்றன. கண்ணுக்குத் தெரியாத அது காமிராவுக்குத் தெரிகிறது. பகல் வெளிச்சத்தில் இத்தொல்லை இல்லை.

சரக்குக்கு ஏற்ற வழி

பருப்பு, தானியங்களைத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தால் மணி மணியாகத் தெரியும். மூட்டையின் மேலே உள்ளதை மட்டும் காட்டாமல், உள்ளிருந்து எடுத்ததையும் காட்டுங்கள்.

எவர்சில்வர் பாத்திரம் கண்ணாடி போன்றது. அதில் நம் முகமும் தெரியும். ஃபிளாஷ் போடாமல், இருபுறமும் வெள்ளைச் சார்ட் அட்டையோ தெர்மாகோலோ நிறுத்தி எடுங்கள். அருகில் ஓர் அளவுகோலை வைத்தால் அளவும் விளங்கும்.

மயில் கழுத்துப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். திருப்பத் திருப்ப நிறம் மாறும் என்பதால் ஒரே படம் போதாது. இரண்டு மூன்று கோணங்களில் எடுத்து அனுப்புங்கள்.

பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் முறையைச் சரக்குக்குப் பயன்படுத்த வேண்டாம். சில சமயம் பாத்திரத்தின் கைப்பிடியையே அது மங்கலாக்கிவிடும்.

அனுப்பும்போது

வாட்ஸ்அப் சாதாரணமாகப் படத்தைச் சுருக்கியே அனுப்பும். ஜரிகை, நெசவு போன்ற நுணுக்கம் தெரிய வேண்டுமானால், 2023இல் வந்த எச்.டி. தேர்வைத் தொட்டு அனுப்புங்கள். அல்லது டாக்குமென்ட்டாக அனுப்பினால் எடுத்தபடியே போய்ச் சேரும்.

"கொஞ்சம் பளபளப்பு ஏற்றினால் விற்பனை கூடாதா?" என்று சில உறுப்பினர்கள் கேட்கக்கூடும். ஒருமுறை கூடும், மறுமுறை சரக்குத் திரும்பி வரும். இணையச் சந்தைகளில் விற்பவர்களுக்கு இது சட்டமும்கூட. விளம்பரத்தில் காட்டிய தன்மை பொருளில் இல்லையெனில் அதைத் திரும்பப் பெற மறுக்கலாகாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கூறுகின்றன.

எனவே, அனுப்புமுன் போனைச் சரக்கின் பக்கத்தில் வைத்து ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாயிருந்தால் அனுப்புங்கள். இல்லையேல் மீண்டும் எடுங்கள். அதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது.

அரக்குச் சேலையைத் திருப்பியனுப்பிய அந்தக் கடைக்காரர் இன்றும் நமது வாடிக்கையாளர்தான். படம் போனதும் அவர் கேட்பது ஒன்றே: "அண்ணாச்சி, தாள் வைத்து எடுத்ததுதானே?" ஆம் என்றால் ஆர்டர் வந்துவிடுகிறது.