உஷார்! புது பெல்ட்டை வெந்நீரில் போடாதீர்கள்

ஆசைப்பட்டு வாங்கிய அசல் தோல் பெல்ட் வளையாமல் முரண்டு பிடிக்கிறதா? 'வெந்நீரில் ஊறப் போடு', 'தேங்காய் எண்ணெயில் முக்கி எடு', 'ஹேர் டிரையரைக் காட்டு' என்று ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள்! ஒரே ராத்திரியில் பெல்ட் பாழாகிவிடும். அப்புறம் எந்தக் கைதேர்ந்த தொழிலாளியாலும் அதை மீட்க முடியாது.

முதலில், விறைப்பு ஒரு குறையே அல்ல. பெல்ட்டுக்கான தடித்த தோலைப் பெரும்பாலும் தாவரச் சாற்றில்தான் பதனிடுகிறார்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் நம் ஊர்த் தோல் தொழிலில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கியவை. இப்படிப் பதனிட்ட தோல் புதிதில் விறைப்பாகத்தான் இருக்கும். போடப் போடத்தான் இடுப்புக்குத் தக்கபடி பழகும்.

வெந்நீர்: இதுதான் மிகப் பெரிய ஆபத்து. தாவரச் சாற்றில் பதனிட்ட தோல், நனைந்த நிலையில் சுமார் 70 முதல் 85 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே சுருங்க ஆரம்பித்துவிடும். ஓரங்கள் சுருண்டு, நீளம் குறைந்து, காய்ந்ததும் பலகை மாதிரி இறுகிப்போகும். இடைக்கால ஐரோப்பாவில் தோலை நீராலும் சூட்டாலும் இறுக்கித்தான் போர்க்கவசம் செய்தார்கள். மென்மையாக்க நினைத்து நீங்கள் செய்வதும் அதே வேலைதான்!

சூடு: ஹேர் டிரையர், அயர்ன் பாக்ஸ், மொட்டைமாடி வெயில் எதுவும் வேண்டாம். தோலில் இருக்கும் எண்ணெய்ப் பசை வறண்டு, மடிப்பு விழும் இடங்களில் வெடிப்பு ஓடும்.

எண்ணெய்க் குளியல்: அளவுக்கு மீறி எண்ணெய் குடித்த தோல் தொளதொளத்துப் போகும். துளைகள் இழுபட்டு நீள்வட்டமாகும். வெள்ளைச் சட்டையில் கறை ஏறும். சமையல் எண்ணெய்கள் நாளடைவில் சிக்குவாடை அடிக்கும். பித்தளை பக்கிள் தொடும் இடத்தில் பிசுபிசுப்பாகப் பச்சைக் கசடு படிகிறதா? எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலம் செம்பை அரிப்பதால் வருவது அது.

வினிகர், எலுமிச்சை, ஸ்பிரிட்: அமிலம் தோலின் நாரையே அரிக்கும். ஸ்பிரிட் மேல்பூச்சைக் கரைத்து, உள்ளே இருக்கும் பசையையும் உறிஞ்சிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை! உங்கள் பெல்ட் தோல்தானா என்று முதலில் பாருங்கள். வெட்டிய ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நார் நாராகத் தெரிந்தால் தோல். துணியின் மேல் வழவழப்பான ஏடு ஒட்டியிருந்தால் ரெக்ஸின். அதற்கு எண்ணெய் தடவிப் பயனில்லை. ஏடு உரிவதுதான் மிச்சம்.

அப்படியானால் என்னதான் செய்வது?

பக்கிளைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள். ஈரத்தை நன்றாகப் பிழிந்த பருத்தித் துணியால் பெல்ட்டைத் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். பிறகு கையால் மெல்ல உள்பக்கமும் வெளிப்பக்கமும் மாறி மாறித் தளர்வாகச் சுருட்டுங்கள். எந்த இடத்திலும் மடித்து அழுத்த வேண்டாம். செருப்புக்கடையில் கிடைக்கும் லெதர் கண்டிஷனரைப் பட்டாணி அளவு எடுத்து, யார் கண்ணிலும் படாத நுனியில் முதலில் தடவிப் பாருங்கள். நிறம் கொஞ்சம் கருக்கும். அது உங்களுக்குச் சம்மதமென்றால் மட்டும் தொடருங்கள். சொரசொரப்பான உள்பக்கத்தில் மெலிதாகத் தேய்த்து, ஒரு ராத்திரி விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். போதவில்லை என்றால் சில நாள் கழித்து இன்னொரு முறை. ஒரேயடியாக அப்பாதீர்கள். தடவிய எண்ணெயைத் திரும்ப எடுக்க வழியே இல்லை.

மழைக்காலத்தில் பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடி வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். பக்கிளில் மாட்டிக் காற்றாடத் தொங்க விடுங்கள்.

மற்றதை உங்கள் இடுப்பே பார்த்துக்கொள்ளும். தினமும் சில மணி நேரம் போடுங்கள், உடல் சூட்டிலும் அசைவிலும் சில வாரங்களில் விறைப்பு தானே தணியும். ஒழுங்காகப் பராமரித்தால் நல்ல தோல் பெல்ட் பல வருஷம் உழைக்கும். அவசரப்பட்டு அதைக் கெடுத்துவிடாதீர்கள்!